மழை வரட்டும், ஸ்பானிய மொழியில்

வாணியாறு அணையை நம்பிப் பயிர் வைக்கும் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில், சேர்வராயன் மலைமேல் மேகம் திரளும் நாளில் ஒரு விவசாயி சொல்கிறார்: “மழ வரட்டும், நாத்து விட்டுக்கலாம்.” மழை வருகிறது என்று அவர் சொல்லவில்லை, வந்துவிடும் என்று உறுதியும் தரவில்லை. இன்னும் நடக்காத ஒன்றை மனத்தில் வைத்துப் பேசுகிறார். அதற்கென்றே தமிழ் வினைக்கு ஒரு வடிவம் இருக்கிறது. ஸ்பானிய வினைக்கும் இருக்கிறது. அங்கே அதற்கு வேலை இன்னும் அதிகம்.

வருதலுக்கு ஸ்பானியச் சொல் ‘பெனீர்’. ‘பியேனே’ என்றால் வருகிறது. ‘பெங்கா’ என்றால் வரட்டும். ‘கே பெங்கா லா யூபியா’ என்றால் மழை வரட்டும். இதை உருவாக்குவது எளிது. ‘பெங்கோ’ (வருகிறேன்) என்பதன் கடைசி ‘ஓ’ போய் ‘ஆ’ வந்தால் ‘பெங்கா’. பேசுகிறேன் என்னும் ‘ஆப்லோ’ போன்றவற்றில் மட்டும் ‘ஏ’ வரும்: ‘ஆப்லே’.

தேர்தல் நேரத்தில் நம் ஊர்ச் சுவர்களில் எழுதும் ‘வாழ்க’வும் இந்த இனம்தான். ஸ்பானியர் முழங்கும் ‘பீபா’வும், வாழ்தலைக் குறிக்கும் ‘பிபீர்’ வினையின் இதே வடிவம். ‘வாழ்க’ போன்ற வடிவத்தை நம் இலக்கணிகள் வியங்கோள் என்றார்கள். தன்மையிலும் முன்னிலையிலும் அது நிலைபெறாது என்றது தொல்காப்பியம். மூவிடத்துக்கும் உரியது என்றது நன்னூல். வழக்கு மாறியதை இலக்கணம் ஏற்றுக்கொண்டதற்கு அழகான சான்று இது.

இரு மொழிகளும் பிரிவது சந்தேகத்தில். ‘அவர் வருவார் என்று நினைக்கிறேன்’, ‘அவர் வருவார் என்று நினைக்கவில்லை’: தமிழில் ‘வருவார்’ அசையவே இல்லை, சந்தேகத்தை வெளி வினையே சுமக்கிறது. ஸ்பானியத்தில் முதலாவது ‘கிரேயோ கே பியேனே’. இரண்டாவது ‘நோ கிரேயோ கே பெங்கா’. நம்பிக்கை போனதும் உள்ளிருக்கும் வினையே உருமாறுகிறது. விருப்பத்துக்கும் அதே கதி. ‘வரணுமே!’ என்ற ஏக்கத்தை ‘ஓஹலா கே பெங்கா’ என்பார்கள். அந்த ‘ஓஹலா’, இறைவன் நாடினால் என்னும் பொருளுள்ள அரபுத் தொடரிலிருந்து வந்தது. 711 முதல் 1492 வரை ஐபீரிய மண்ணில் நடந்த முஸ்லிம் ஆட்சி விட்டுச்சென்ற சொற்களில் ஒன்று.

ஸ்பானியம் கற்கும் தமிழர் அதிகம் தடுமாறுவது காலத்தைச் சொல்லும் இடத்தில். ‘மழை வரும்போது விதைப்போம்’ என்ற வாக்கியம் ஆண்டுதோறும் உள்ள வழக்கத்தையும் சொல்லும், இந்த ஆண்டுத் திட்டத்தையும் சொல்லும். கேட்பவர் சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஸ்பானியர் அதைச் சூழலுக்கு விடமாட்டார். வழக்கமென்றால் ‘குவாந்தோ பியேனே லா யூபியா’. மழை இனிமேல்தான் வர வேண்டும் என்றால் ‘குவாந்தோ பெங்கா லா யூபியா’.