ஐப்பசி மழைக்கு முன்னே: ஓட்டு வீடும் பரண் சாமானும்



புரட்டாசி பிறந்தால் நம்ம தெருவில் ஒரு குரல் அடிக்கடி கேட்கும். "பழைய பித்தளை, வெண்கலம், உடைஞ்ச கதவு, மர சாமான் எடுக்கிறது..." என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டி வரும். மற்ற மாதங்களிலும் வரத்தான் செய்கிறது. ஆனால் இந்த மாதம் கூடுதலாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஆயுத பூஜைக்காக வீட்டை ஒழிக்கிறோம். பரணில் கிடந்ததெல்லாம் முற்றத்துக்கு வருகிறது. தீபாவளிச் செலவு தலைக்கு மேலே நிற்கிறது. கையில் காசு இல்லை, கண் முன்னே பழைய சாமான் இருக்கிறது. வண்டிக்காரருக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இதே மாதத்தில்தான் குழுக் கூட்டங்களில் வீட்டுக் கடன் கேட்டும் நிறையப் பேர் வருகிறார்கள். "பழைய ஓட்டு வீடு ஒழுகுது, இடிச்சுட்டு ஒரு ரூம் தளம் போட்டுக்கிறோம்" என்பார்கள். சுவர் பிளந்து, சாய்ந்து நிற்கிற வீடென்றால் இடிப்பதுதான் சரி, அதில் உயிர் பயம் இருக்கிறது. ஆனால் நான் போய்ப் பார்த்த பல வீடுகளில் சுவர் கெட்டியாக இருந்தது. ஒழுகியது நாலைந்து இடத்தில்தான். ஒரு சகோதரி நிலைக்கதவையும் இரண்டு தூணையும் விற்ற பணத்தில் இடித்துக் கட்ட ஆரம்பித்தார். லிண்டல் மட்டத்தோடு பணம் தீர்ந்தது. அந்த வருஷ மழையைக் குடும்பமே தார்ப்பாய்க்குக் கீழேதான் கழித்தது. தூணை வாங்கியவர் திரும்பக் கொடுப்பாரா?

அதனால் இந்த இதழில் இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்ப்போம். பழைய ஓட்டு வீட்டைக் குறைந்த செலவில் எப்படிச் சீர் செய்வது? பரணில் இருப்பதை எப்படி வீட்டுக்கே அழகாகப் பயன்படுத்துவது, அல்லது விற்றே ஆகவேண்டுமென்றால் ஏமாறாமல் விற்பது?

முதலில் கூரை

தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில்தான் கிடைக்கிறது. ஆகவே ஓட்டுக்கு மேலே ஏற வேண்டிய வேலையைப் புரட்டாசியிலேயே முடித்துவிட வேண்டும்.

ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். உச்சி வெயிலில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் எங்கே ஊசி போல இறங்குகிறதோ அங்கே ஓடு விலகியிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு எண்ணிக்கொள்ளுங்கள். "பத்து இடம்தான் அண்ணே, பத்துக்கு மட்டும் கூலி சொல்லுங்க" என்று பேசுவதற்கு அந்தக் கணக்கு உதவும்.

அடுத்தது கைமரம். அது சுவரில் உட்காரும் முனையில்தான் முதலில் உளுக்கும். ஒரு பெரிய ஆணியால் குத்திப் பாருங்கள். லேசாக இறங்கினால் அந்த ஒரு கைமரத்தை மாற்ற வேண்டும். ஒன்று கெட்டதற்காகக் கூரை முழுக்கப் பிரிக்கத் தேவையில்லை. சுவரில் மண் கோடு போல ஏறியிருந்தால் அது கரையான் போகும் வழி. கோட்டைச் சுரண்டிவிட்டால் மட்டும் போதாது, எங்கிருந்து ஏறுகிறது என்று கண்டுபிடித்து அங்கே மருந்து வைக்க வேண்டும்.

சீமை ஓட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் இயந்திரத்தில் ஓடு செய்யும் ஆலை தொடங்கினார்கள். அதைப் பார்த்துப் பல ஊர்களில் ஆலைகள் வந்தன. ஒவ்வொரு ஆலையும் தன் பெயரை ஓட்டின் அடியில் அச்சாகப் பதித்தது. ஒரு ஆலையின் ஓடு இன்னொரு ஆலையின் ஓட்டோடு சரியாகக் கவ்வாமல் போகலாம், சந்து விழும். அதனால் மாற்று ஓடு வாங்கப் போகும்போது உங்கள் வீட்டு ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அச்சைப் பார்த்து வாங்குங்கள். பக்கத்து ஊரில் யாராவது வீடு இடித்தால் அங்கே நல்ல ஓடு மலிவாகக் கிடைக்கும். விரலை மடக்கித் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்று கேட்டால் கீறல் இருக்கிறது. நாட்டு ஓடு போட்ட வீடு என்றால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் குரங்கும் அணிலும் தள்ளிவிடும் என்பதால் வருஷா வருஷம் திருப்பி அடுக்க வேண்டியிருக்கும். கூரை மேல் சாய்ந்த மரக்கிளையை அதே நாளில் வெட்டிவிடுங்கள்.

சுவருக்குச் சிமெண்ட் வேண்டாம்

மண் சுவரிலும் பழைய சுண்ணாம்புச் சுவரிலும் சிமெண்ட் பூசினால் பளிச்சென்று இருக்கும் என்று நினைக்கிறோம். தரையிலிருந்து ஏறும் ஈரம் பழைய சுவர் வழியாக வெளியேறி உலரும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். இரண்டு மூன்று மழைக்குப் பிறகு பூச்சு உப்பிப் பாளம் பாளமாக விழும். மண் சுவருக்குச் செம்மண்ணும் வைக்கோலும் சாணமும் கலந்த பூச்சு, சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புக் கலவை, இதுதான் பொருந்தும்.

வெள்ளையடிக்கக் கற்சுண்ணாம்பை வாங்கி நீரில் ஊறவைத்து, ஓரிரு நாள் கழித்துத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோற்றுக் கஞ்சி சேர்த்து அடித்தால் கையில் ஒட்டாது. கற்சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றியதும் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம், சூட்டில் இளகிவிடும்.

கதவு, தூண் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. பழைய பெயிண்டுகளில் காரீயம் இருந்திருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் காரீயத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பச்சைப் பெயிண்டை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டுங்கள், முகத்தில் துணி கட்டுங்கள், சுரண்டியதைக் கூட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள். நெருப்பு வைத்து உரிக்கவே கூடாது. சுரண்டிய பிறகு உள்ளே இருக்கும் தேக்கைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இப்போது பரண்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். நம் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடப்பது அங்கே துடைத்து வைத்து விற்கப்படுகிறது. மரக்கால், படி, அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழி, ராந்தல், பீங்கான் ஜாடி, ஊஞ்சல் பலகை, மரப்பாச்சி. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கில் செய்த தூணும் நிலையும்கூட அங்கே இருக்கும். வெளியூர்க்காரர்கள் விலை கொடுத்து வாங்கி வீட்டை அலங்கரிக்கிறார்கள். நம்மிடம் இருப்பதை நாம் எடைக்குப் போடுகிறோம்!

விற்காமல் வீட்டிலேயே வைக்க என்ன செய்யலாம்? பெரிய செலவு ஒன்றும் இல்லை. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துத் திண்ணை ஓரத்தில் வைத்தால் வருகிறவர் கண் அதில்தான் நிற்கும். கைப்பிடி போன அண்டாவில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடலாம். மரக்காலையும் படியையும் உழக்கையும் வரிசையாக அலமாரியில் அடுக்கி, 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மரப்பாச்சியைக் கொலுவில் வையுங்கள். கொலு வைக்கும் பழக்கம் இல்லாத வீட்டில் பிள்ளைகள் விளையாடட்டும். தாத்தா பாட்டி படத்தைச் சுவரை ஒட்டி மாட்டினால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், சட்டத்தின் பின்னால் இரண்டு கார்க் துண்டு ஒட்டி இடைவெளி விடுங்கள்.

பித்தளையில் சமைப்பதாக இருந்தால் உள்ளே பூச்சு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புளிக் குழம்பு பச்சை பிடிக்கும். பூசுகிறவரிடம் "வெள்ளீயம்தானே?" என்று கேட்டு உறுதி செய்யுங்கள். காரீயம் விஷம். இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்வதால்தான் குழப்பம் வருகிறது. மெருகு வெடித்த பழைய ஜாடியில் ஊறுகாய் போடாமல் அழகுக்கு மட்டும் வையுங்கள்.

விற்றே ஆகணும்னா?

சில சமயம் விற்காமல் முடியாது. மருத்துவச் செலவு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று வரும்போது பரணைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் வாசலில் நிற்கும் வண்டிக்கு அன்றைக்கே போடாதீர்கள்.

பித்தளையையும் வெண்கலத்தையும் ஒரே விலைக்கு எடுப்பது வழக்கமான தந்திரம். வெண்கலத்தில் செம்போடு வெள்ளீயம் கலந்திருப்பதால் அதற்கு விலை கூடுதல். தட்டினால் வெண்கலத்தின் நாதம் நீண்டு நிற்கும், பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். (வெண்கலக் கடையில் யானை புகுந்த கதையைச் சும்மாவா சொன்னார்கள்!) தராசில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கிலோவுக்கு 100 கிராம் அடித்தால் 15 கிலோ அண்டாவில் ஒன்றரை கிலோ போய்விடும். "பேர் வெட்டியிருக்கு, விலை குறையும்" என்பார்கள். உருக்குவதற்கு எடுப்பவருக்குப் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பழம்பொருளாக விற்பவருக்கு அந்தப் பெயர்தான் மதிப்பு. மூன்று பேரிடம் விலை கேட்டு எழுதி வையுங்கள். குழுவில் நாலைந்து பேர் சேர்ந்து கடைக்கே நேரில் போனால் இன்னும் நல்லது.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிலை, ஓவியம் போன்ற சிலவற்றைப் பதிவு செய்யவும் வேண்டும். அண்டா, குடத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் பழைய சாமி சிலையை யாரும் சொல்லி விற்காதீர்கள். வீட்டைத் தோண்டும்போது நாணயமோ சிலையோ கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள், 1878ஆம் ஆண்டுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பனை ஓலைச் சுவடி கிடைத்தால் அடுப்பிலோ ஆற்றிலோ போடாதீர்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சையில் சரசுவதி மகால் நூலகம் இருக்கின்றன.

யார் பொருள், யார் வீடு?

"அவர் கேட்டார், எடுத்துக் கொடுத்துட்டேன்" என்பதை எத்தனை கூட்டத்தில் கேட்டிருக்கிறேன்! அம்மா வீட்டிலிருந்து சீராக வந்த பாத்திரமும் நகையும் உங்களுக்கே சொந்தம். கணவரோ மாமியாரோ வைத்திருந்தாலும் சொந்தம் மாறாது என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் முடிவு. அம்மா வீட்டுப் பூர்வீக ஓட்டு வீட்டிலும் மகளுக்குப் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படித் திருத்தப்பட்டது.

அதேபோல, கடன் வாங்கிச் சீர் செய்யும் முன் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கொழுந்தனாரோடு கூட்டுப் பட்டா என்றால் செலவை யார் ஏற்பது என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கூரை வேலைக்கு 15,000 ரூபாய் உள்கடன் என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 1 ரூபாய் வட்டியில் முதல் மாத வட்டி 150 ரூபாய். வெளியே 5 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் 750. தூணை விற்காமலே ஒழுகல் நின்றுவிடும்.

ஆயுத பூஜைக்குப் பரணை இறக்கும் அன்றைக்கே ஒரு பழைய நோட்டில் பொருளின் பெயர், எடை, யார் கொடுத்தது என்று மூன்று பத்தியாக எழுதிவிடுங்கள். எடை பார்க்க ரேஷன் கடைத் தராசோ பால் சங்கத் தராசோ கேட்டால் கொடுப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார் வீட்டுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அனுப்புகிறோம் என்று இரண்டு குழுக்கள் ஏற்கெனவே தீர்மானம் போட்டிருக்கின்றன. மற்ற குழுக்களும் இந்த மாதக் கூட்டத்தில் பேசி, உங்கள் பிரதிநிதி மூலம் கூட்டமைப்புக்குத் தெரிவியுங்கள்.