ஓடு மாற்றும் நண்டு

நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, தங்கவயலுக்குக் குடிநீர் அளித்த பேத்தமங்கலம் ஏரியை நிறைத்துத் தமிழகத்தினுள் புகுந்து, வாயலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. வயல் வரப்பு முதல் கழிமுகம் வரை நீருள்ள இடங்களில் வாழும் உயிர் நண்டு. அலவன், ஞெண்டு, கள்வன் என்பன அதன் பழந்தமிழ்ப் பெயர்கள். ஐங்குறுநூற்றில் ‘கள்வன் பத்து’ என்றே ஒரு பகுதி உண்டு.

நண்டுக்கு உள்ளெலும்பு இல்லை. உடலைத் தாங்குவது மேலோடே. கைட்டின் என்னும் பொருளும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்த அவ்வோடு கடினமானது. உடலோடு சேர்ந்து வளராதது. ஆகவே, வளரும் நண்டு பழைய ஓட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அதற்கு முன்பே அடியில் மெல்லிய புதிய ஓடு உருவாகிவிடும்.

இங்கே ஓர் இடர் உண்டு. கொடுக்கின் நுனிப்பகுதி சதைப்பற்று மிக்கது. உடலை ஒட்டிய மூட்டுகளோ மிக ஒடுங்கியவை. பருத்த சதை முழுவதும் அவ்வொடுங்கிய வழியாகவே வெளிவர வேண்டும். சிறிய வளையலை அணிய நாம் விரல்களைக் குவித்துக் கையைக் குறுக்குகிறோம். நண்டோ தன் சதையையே குறைத்துக் கொள்கிறது. குறைக்காவிடில் கொடுக்கு பழைய ஓட்டினுள் சிக்கிக்கொள்ளும்.

இம்மாற்றத்தைத் தொடங்கி வைப்பவை இயக்குநீர்கள். நண்டின் கண்காம்பில் சுரக்கும் ஓர் இயக்குநீர் ஓடு மாற்றத்தைத் தடுத்து வைக்கிறது. அது குறையும்போது, ஒய் உறுப்பு எனப்படும் சுரப்பி ஓடு மாற்றத்தைத் தூண்டும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கிறது. உடனே கொடுக்குத் தசையில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் முனைந்து செயல்படுகின்றன. அவற்றுள் கால்பெயின் என்பது கால்சியத்தின் துணையால் இயங்குவது. சிதைந்த புரதம் அமினோ அமிலங்களாக மாறுகிறது.

மேற்கிந்தியத் தீவுப் பகுதியின் நிலநண்டை ஆராய்ந்த டோரதி ஸ்கின்னர் என்னும் அறிவியலாளர், இத்தசைச் சிதைவையும் மறுவளர்ச்சியையும் 1966ஆம் ஆண்டில் விளக்கினார். கொடுக்குத் தசையில் ஏறத்தாழ 40 விழுக்காடு வரை குறையக்கூடும். பின்னர் அவரும் டொனால்டு மைக்கிள்சும் இணைந்து மற்றொன்றைக் கண்டனர். தசையில் தடித்த இழை ஒன்றுக்கு 9 மெல்லிய இழைகள் இருந்தன. சிதைவின்போது அவை 6 ஆகக் குறைந்தன. மெல்லிய இழைகளே மிகுதியாகச் சிதைகின்றன என்பது இதனால் விளங்கியது.

எல்லாத் தசைகளும் இவ்வாறு மெலிவதில்லை. மார்புப் பகுதித் தசைகள் குறையாமல் இருக்கின்றன. ஓட்டை விட்டு வெளியேற நண்டுக்கு வலிமை தேவையன்றோ! மெலியும் கொடுக்குத் தசையிலும் புதுப் புரத உருவாக்கம் நின்றுவிடுவதில்லை. எனவே இது அழிவன்று. பழையதைப் பிரித்துப் புதியதைக் கட்டும் பணி.

வெளிவந்த நண்டு நீரை உறிஞ்சி உடலை விரிக்கிறது. ஓடு இறுகும் வரை பகைக்கு அஞ்சி மறைந்திருக்கிறது. அப்போது அதன் ஓட்டினுள் சதை குறைவு, நீரே மிகுதி. அத்தகைய நண்டுக்குச் சந்தையில் விலை குறைவு. அதனைக் குறைந்த விலைக்கு வாங்கி, குட்டைகளில் சில வாரம் தீனியிட்டுச் சதைப்பிடிக்கச் செய்து விற்பது கடலோர மக்களின் தொழில்களுள் ஒன்று.

நெடுநாள் படுக்கையில் கிடப்போருக்கும் தசை மெலிகிறது; அது மீளக் காலம் பிடிக்கும். மெலிந்த தசையை ஒவ்வொரு முறையும் மீட்டுக்கொள்ளும் நண்டு, அதனாலேயே ஆய்வாளர் கவனத்தை ஈர்க்கிறது.

சொற்பொருள்
அலவன் – நண்டு; கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்; இடர் – துன்பம்; நொதி – உடலில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்.

பயிற்சி
1. நண்டு ஓட்டை மாற்றுவது ஏன்?
2. கொடுக்குத் தசை மெலிய, மார்புத் தசை மெலியாமல் இருப்பதன் காரணம் யாது?
3. ‘அழிவன்று’ – பிரித்து எழுதுக.
4. உங்கள் வீட்டுப் பெரியோரிடம் நண்டைப் பற்றிய பழமொழி ஒன்றைக் கேட்டு எழுதுக.