காவலாளே சரக்கை நாசம் செய்தால்

2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது நம்மில் பலர் இரத்தப் பரிசோதனைச் சீட்டும் கையுமாக நின்றோம். அதில் நியூட்ரோபில் ஏறி, லிம்போசைட் இறங்கியிருந்தால் டாக்டர் முகம் மாறியது. ஏன்?

நியூட்ரோபில் என்பது எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளணு. வெள்ளணுக்களில் 100க்கு 40 முதல் 70 வரை இவைதாம். கிருமி புகுந்தால் முதலில் ஓடும் காவலாள் இதுவே. கிருமியை விழுங்கும், நொதிகளை உமிழும், தன் டி.என்.ஏ.வையே வலையாக வீசிப் பிடிக்கும். இந்த வலை 2004இல்தான் உலகுக்குத் தெரிந்தது.

குடோனில் எலி புகுந்ததென்று நூறு பேர் தடியோடு நுழைந்தால் மூட்டைகள் என்னாகும்? நுரையீரலிலும் அதே கதைதான். காற்றறைச் சுவர் மிக மெல்லியது. நொதிகள் அதை அரித்ததும் உள்ளே நீர் கசிகிறது. வலைகளோ இரத்தத்தை உறையவைத்து நுண்குழாய்களை அடைக்கின்றன. வைரஸ் தணிந்த பிறகும் சிலருக்கு மூச்சுத் திணறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஆவேசத்தை அடக்கத்தான் டெக்சாமெதசோன். 2020 ஜூனில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை. நம் ஆட்கள் சிலர் காய்ச்சல் கண்ட அன்றே அதை வாங்கி விழுங்கினார்கள்! எலி உள்ளே இருக்கும்போதே காவலைக் கட்டிப்போட்ட கதைதான். சர்க்கரையும் ஏறும்.

இன்னொன்று: இந்த மாத்திரையே சீட்டில் நியூட்ரோபில் எண்ணைக் கூட்டிக் காட்டும். எனவே என்னென்ன மாத்திரை சாப்பிட்டோம் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.