வீட்டு முயல்களுக்குப் பசும்புல்லும் வேலித்தழையும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஒரு வாரம் சென்றதும், கோடையெல்லாம் வெந்து கிடந்த வரப்புகளிலும் வாய்க்கால் கரைகளிலும் இளம்புல் தளதளவென்று எழும்புகின்றது. அதுவரை காய்ந்த தீனியும் தவிடுமாய்க் காலங்கழித்த வீட்டு முயல்களுக்கு, இரக்கத்தினாலும், தீனிச்செலவு குறைகின்றதென்னும் மகிழ்ச்சியினாலும், குடியானவர் ஒரு கூடைப் புல்லை அறுத்து வந்து கூண்டினுள் கொட்டுகிறார். இரண்டொரு நாளில், தாயை விட்டுப் பிரித்துப் பத்து நாள் ஆகாத குட்டிகள் வயிறு உப்பியும், பின்புறம் கழிச்சலால் நனைந்தும் கிடக்கக் காண்கிறார். ஆறு குட்டிகளில் இரண்டு மிஞ்சுவதும் அரிதாகின்றது. “ஈரப்புல் கொன்றுவிட்டது” என்று வீட்டார் தீர்மானித்து, அன்றுமுதல் பசுந்தீனியை அடியோடு நிறுத்திவிடுகின்றனர். சிலர் கூண்டையே விற்றுவிடுகின்றனர்.

இத்தீர்மானம் பாதிதான் சரியானது. அன்று அறுத்து அன்றே உதறிப் போட்ட புல்லின்மேல் உள்ள பனியோ மழைத்துளியோ தன்னளவில் நஞ்சன்று. குட்டிகளைக் கொல்வன வேறு மூன்று: தீனியைத் திடீரென்று மாற்றியது, நாரில்லாத இளந்தழையை வயிறு நிறைய விட்டது, குவித்து வைத்துப் புழுங்கிய புல்லைக் கொடுத்தது. இம்மூன்றையும் விலக்கினால், வரப்பும் வேலியும் தருகின்ற தீனியைக் கொண்டே வீட்டு முயல்களைப் பெரும்பாலும் வளர்த்துவிடலாம்.

இதன் காரணத்தை அறிய, முயலின் வயிற்றைச் சற்று அறிதல் வேண்டும். முயல் அசைபோடும் பிராணியன்று. மாட்டுக்கும் ஆட்டுக்கும் முன்வயிற்றில் நடக்கும் நொதித்தல் முயலுக்குப் பின்குடலில், சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்திலுள்ள பெரிய பையில் நடைபெறுகின்றது. அப்பையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே தழையைச் சத்தாக மாற்றுகின்றன. அங்கு உண்டாகும் மெல்லிய, பளபளப்பான, கொத்துக்கொத்தான புழுக்கையை முயல் கீழே விழவிடாமல் தன் வாயாலேயே எடுத்து விழுங்கும். நாம் தரையிற் காணும் உருண்டையான காய்ந்த புழுக்கை இதனின்றும் வேறு. முதன்முதலாய் இதைப் பார்த்தவர் நோயென்று அஞ்சுவதுண்டு, நோயன்று. புரதத்தையும் சில உயிர்ச்சத்துக்களையும் முயல் இவ்வழியே பெறுகின்றது.

இந்நுண்ணுயிர்கள் பழகிய தீனிக்கேற்ப அமைந்தவை. தீனி ஒரே நாளில் மாறினால் நல்லவை குறைந்து தீயவை பெருகும். முரட்டு நார் குடலை ஓயாமல் அசையச் செய்கின்றது. நார் குறைந்தால் குடல் ஓய்ந்து, உள்ளிருப்பது நின்று புளித்து, காற்று நிறைகின்றது. வாந்தி எடுக்க முயலுக்கு இயலாதாகையால் உட்சென்றதற்கு வேறு போக்கில்லை. தாய்ப்பாலை மறந்து தழைக்கு மாறும் குட்டியின் குடலில் இவ்வொழுங்கு இன்னும் நிலைபெறாமையால் முதலில் மடிவது அதுவே. முதல் மழையின் புல் பெரும்பகுதி நீரும் சிறுபகுதி நாருமாய் இருப்பது. அப்புல் முளைக்கும் சமயமும் குட்டி பிரிக்கும் சமயமும் ஒன்றாய் நேர்ந்துவிட்டால் மேற்சொன்ன விபத்து விளைகின்றது.

ஆதலால் முதல் விதி: கூண்டில் எந்நாளும் காய்ந்த புல் இருத்தல் வேண்டும். பசுந்தழை அதற்கு மேற்பட்டதே. புதிய தழை எதுவாயினும் முதல் நாள் வளர்ந்த முயலுக்கு ஒரு கைப்பிடியும், குட்டிக்கு இரண்டொரு இலையும் கொடுத்து, மறுநாட் காலையில் புழுக்கையைப் பார்க்க வேண்டும். அது உருண்டையாய், உதிரியாய் இருந்தால் சற்றுக் கூட்டலாம். இவ்வாறு ஏழு முதல் பத்து நாட்களில் முழு அளவுக்கு வரலாம். குட்டிகள் தாயுடன் இருக்கும்போதே, கண்திறந்து கூட்டை விட்டு வெளிவரும் மூன்றாம் வாரத்தில், தாய் தின்னும் புல்லையே கொறித்துப் பழகும். அதே புல்லைத்தான் பிரித்த பின்னும் சில வாரங்களுக்குக் கொடுக்க வேண்டும். பிரிப்பதையும் தீனி மாற்றுவதையும் ஒரே நாளில் செய்வோர் இரண்டு அபாயங்களை ஒருங்கே அழைப்பவராவர்.

வெளியூரிலிருந்து வாங்கி வரும் முயல்களுக்கும் இது பொருந்தும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம், வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா என்னும் இனங்களை வளர்த்துப் பரப்பி வந்திருக்கின்றது. குளிர்ந்த மலையில் அங்குள்ள தீனிக்குப் பழகிய முயல், சமவெளியின் வெப்பத்தையும் புதுத்தழையையும் ஒரே நாளில் ஏற்பதரிது. வாங்குமிடத்தில் அது தின்றுவந்த தீனியில் ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கி வருதல் சிலாக்கியம்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றரைக் கிலோ எடையுள்ள முயலொன்று நாளொன்றுக்கு, நீர் நீங்கலாக, ஏறக்குறைய 120 கிராம் முதல் 150 கிராம் வரை உலர்பொருள் உட்கொள்ளும். இளம்புல்லில் நூற்றுக்கு எண்பது பங்கு நீராயின், புல்லை மாத்திரமே நம்பினால் 600 கிராம் முதல் 750 கிராம் வரை வேண்டியதாகும். வளர்ந்த முயல் இதை ஒருவாறு தின்று தீர்க்கும். பால் கொடுக்கும் தாயோ, இதைப்போல் இருமடங்கு தேவைப்படுவதால், புல்லால் மட்டும் பிழைக்கமாட்டாது. உடம்பு உருகிக் குட்டிகளைப் பட்டினி போடும். ஆகவே வளர்ந்த முயலுக்கு 100 கிராம் அடர்தீனியும் 250 கிராம் பசுந்தழையும் காய்ந்த புல்லும் என்று வைத்துக்கொண்டு, பால் கொடுக்கும் தாய்க்கு அடர்தீனியைக் கூட்டிக் கொடுப்பதே நன்று. பசுந்தழை தின்னும் முயலுக்குத் தண்ணீர் வேண்டாமென்பது பொய். முயலுக்கு மாட்டைப்போல் வேர்ப்பதில்லை. சித்திரை வைகாசியில் தண்ணீர் வற்றிய கலயமே அதற்கு யமன். தீனியையும் வெயிலேறுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் வைக்க வேண்டும். இயல்பாகவே முயல் அந்தியிலும் இரவிலும் தின்பது. இரவுக்கு வைக்கும் பங்கே பெரும்பங்காய் இருக்கட்டும்.

இனி எவற்றைப் பறிப்பது? அருகு, கொழுக்கட்டைப்புல், கினியாப்புல் முதலிய புற்களே அடிப்படை. பூக்கதிர் விடத் தொடங்கும் பருவத்தில் அறுத்தால் நாரும் சத்தும் ஒத்திருக்கும். வரப்போரம் படரும் மூக்கிரட்டை, கானாம்வாழை, வேலியிற் படரும் சங்குப்பூக்கொடி, தட்டைப்பயற்றுக்கொடி, நோயற்ற வேர்க்கடலைக்கொடி ஆகியவற்றை முயல் விரும்பித் தின்னும். கல்யாண முருங்கைத் தழையைக் கண்டால் மற்றதை விட்டுவிட்டு ஓடிவரும். முருங்கை, அகத்தி, வேலிமசால், குதிரைமசால் ஆகியவை புரதம் மிக்கவை. ஆனால் சுண்ணச்சத்தும் மிக்கவையாதலால் புல்லுக்குப் பதிலாக அன்றிப் புல்லோடு கலந்தே கொடுக்கற்பாலன. சிறுநீர் வெள்ளையாய்ச் சுண்ணாம்புபோல் படிந்தால் இவை மிகுந்துவிட்டன என்று அறியலாம். சில தழைகளால் சிறுநீர் செந்நிறமாவதுமுண்டு. முயல் சுறுசுறுப்பாய்த் தின்று கொண்டிருக்குமாயின் அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. சூபாபுல் தழை சிறு பங்காய் இருந்தால் தீங்கில்லை. மிகுந்தால் மயிர் உதிரும். எருக்குழியோரம் கொழுத்து வளர்ந்த முள்ளுக்கீரையை எத்தனை செழிப்பாயிருந்தாலும் விட்டுவிடுவது நல்லது. மலைப்பிரதேசத்தார் முட்டைக்கோசின் புறவிதழ்களைக் கூடைகூடையாய்க் கொட்டுகின்றனர். அது வயிற்றில் காற்றைப் பெருக்கக்கூடுமாதலால் இரண்டொரு இதழே போதும். காரட்டுத் தழை நல்லது; உருளைக்கிழங்குத் தழையும் பச்சையேறிய கிழங்கும் நஞ்சு.

நஞ்சுச் செடிகளை இனங்காணாத சிறுவர்களைத் தழை பறிக்க அனுப்புவது பெருந்தவறு. அரளி, மஞ்சள் அரளி, எருக்கு, ஆமணக்கு, குன்றிமணி, உண்ணிச்செடி, பார்த்தீனியம், ஒடுவந்தழை ஆகியவை கூடையில் ஓரிலையும் இருக்கலாகாது. வேலியில் ஏறிப் படரும் கண்வலிக்கிழங்குக் கொடி புல்லோடு சேர்ந்து அரிவாளில் வந்துவிடுவதுண்டு. அது மிகக் கொடியது. ஏரிக்கரைகளில் மண்டியிருக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அத்தகையதே. மரவள்ளி இலையிலும், மழையின்றி வாடிக் குறுகிய இளஞ்சோளப் பயிரிலும் உயிர்போக்கும் நஞ்சு உண்டு. மாடுகள் இளஞ்சோளம் மேய்ந்து விழுவதைக் குடியானவர் அனைவரும் அறிவர். முயலின் சிற்றுடலுக்குச் சிறிதளவே போதும். பால் வடியும் செடியெல்லாம் நஞ்சென்று சிலர் விதி சொல்வர். சர்க்கரைவள்ளிக்கொடியும் பால் வடிவதே, முயலுக்கு அது நல்ல தீனி. ஆயினும் தெரியாத செடியில் பால் கண்டால் அவ்விதியை மதிப்பதே அறிவு.

ஊமத்தையைப் பற்றி ஒரு வழக்கு உண்டு: அடுத்த வீட்டு முயல் ஊமத்தை இலையைத் தின்று சாகவில்லையே என்பர். அது மெய்யாயிருக்கலாம். சில முயல்களின் இரத்தத்தில் ஊமத்தை நஞ்சைச் சிதைக்கும் நொதியொன்று பிறவியிலேயே உண்டு. எல்லா முயல்களுக்கும் இல்லை. அன்றியும், தான் சாகாத முயலின் இறைச்சியில் அந்நஞ்சு தங்கியிருக்குமாயின், தின்னும் மனிதருக்கு அது தீங்காய் முடியும். ஆகவே அடுத்த வீட்டு முயல் இவ்விஷயத்தில் சாட்சியாகமாட்டாது.

செடி நல்லதாயினும் இடம் தீயதாயிருக்கலாம். பருத்தி, கத்தரி, மிளகாய் வயல்களின் வரப்பில் மருந்தடித்திருப்பார்கள். களைக்கொல்லி தெளித்த புல் இரண்டொரு நாள் பச்சையாகவே நிற்பதால் கண்ணால் பார்த்து அறிய முடியாது. வயலுக்குரியவரைக் கேட்டே அறுக்க வேண்டும். சாலையோரப் புல்லில் புழுதியும் எண்ணெயும் படிந்திருக்கும். நாய்கள் மலங்கழிக்கும் இடத்துப் புல்லைப் பற்றி அநேகர் சிந்திப்பதேயில்லை. நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை அம்மலத்தால் புல்லிற் படிந்து, முயலின் வயிற்றுட்சென்று, ஈரலிலும் குடற்சவ்விலும் நீர்க்குமிழிகளாய் வளர்கின்றது. முயலை அறுத்தவர் அக்குடலைப் பச்சையாய் நாய்க்கு எறிகிறார். நாய் மறுபடியும் புழுவைப் பெற்று வரப்பில் விதைக்கின்றது. குடலைப் புதைத்துவிட்டால் இச்சுற்று அறுந்துபோகும்.

புல்லைக் கொண்டு வந்ததும் குவிக்காமல் நிழலில் மெல்லிதாய்ப் பரப்ப வேண்டும். குவியலினுள் கையை நுழைத்துச் சூடு தெரிந்தால் அது எருக்குழிக்கே உரியது, முயலுக்கன்று. மாலைக்குரியதை மாலையிலேயே அறுப்பவருக்கு இத்தொல்லை இல்லை. தீனியைத் தரையிற் போடாமல், கம்பித்தட்டியிலோ, கயிற்றிற் கட்டித் தொங்கவிட்டோ கொடுக்க வேண்டும். தரையிற் போட்ட புல்லில் புழுக்கை கலந்து இரத்தக்கழிச்சல் நோயின் கிருமிகள் குட்டிகளின் வாய்க்குச் செல்லும். அக்கிருமிகள் ஈரத்தில் இரண்டொரு நாள் கிடந்த பின்னரே தொற்றும் வலிமை பெறுவதால், கூண்டைத் தினந்தோறும் கூட்டி உலர்வாய் வைப்பதே பாதி மருந்து.

முயல் பல்லைக் கடித்துக் கொண்டு முதுகைக் கூனி மூலையிற் குந்தியிருந்தாலும், ஓர் இரவு முழுதும் தின்னாமலும் புழுக்கையிடாமலும் இருந்தாலும், விடிந்ததும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பசுந்தழையையும் அடர்தீனியையும் விலக்கிக் காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் முன்வைக்கலாம். மாட்டுக்குச் செய்வதுபோல் பட்டினி போடுதல் கூடாது. வெறுங்குடல் முயலுக்கு நோயை முதிரச் செய்யும்.

களையெடுப்பின்போது அகப்படும் காட்டுமுயல் குட்டியை எடுத்து வந்து இதே கூண்டில் விடும் வழக்கமும் சில கிராமங்களில் உண்டு. காட்டுமுயல் வேறு சாதி. வீட்டு முயலோடு அது இனஞ்சேராது. அன்றியும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். கிராம அதிகாரிகள் இதைக் குடிகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தல் உபகாரமாகும். ஏரிக்கரைப் புல்லைக் குடிகள் அறுத்துக்கொள்ள விடுமிடங்களில், நெய்வேலிக் காட்டாமணக்கையும் பார்த்தீனியத்தையும் பூக்குமுன் வேரோடு களையச் செய்தால் முயலுக்கு மட்டுமின்றி ஆடுமாடுகளுக்கும் நன்மையுண்டு.

காய்ந்த புல்லைச் சேமிப்பதற்குரிய காலம் மார்கழியும் தையுமாகும். அப்போது வரப்புகளில் கொழுக்கட்டைப்புல் கதிர்விட்டு நிற்கும், மழையும் ஓய்ந்திருக்கும். அறுத்த புல்லை இரண்டு மூன்று நாள் புரட்டிப் புரட்டி உலர்த்தி, பச்சைநிறம் மங்காதிருக்கும்போதே கட்டித் தரையிற் படாமல் பரணில் வைக்க வேண்டும். பூசணம் பிடித்ததையும், புள்ளிவிழுந்து கறுத்த வேர்க்கடலைக்கொடியையும் சேர்க்கலாகாது. பூசண நஞ்சுக்கு முயலைப்போல் விரைவில் இரையாகும் பிராணிகள் சிலவே. வைக்கோல் படுக்கைக்கு உதவும். உணவாக அதை நம்பலாகாது. நிலமுள்ளவர் கிணற்றோரம் இரண்டு சென்ட் அளவில் வேலிமசால் விதைத்தால், மூன்று மாதத்தில் முதல் அறுப்பும், பின்னர் நாற்பது நாளுக்கொரு முறை மறு அறுப்பும் கிடைக்கும். கல்யாண முருங்கைக் கொம்புகளை ஆடி ஆவணி மழையில் வேலியோரம் நட்டுவிட்டால், அடுத்த கோடையில் வரப்புகள் வெந்து கிடக்கும்போதும் கூண்டுக்குப் பசுந்தழைக்குக் குறைவிராது.