முதுமையில் ஒரு பல்லாங்குழி

ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தானில் சமூக நலத்துறை நடத்தும் ரூமா ஸ்ரீ கெனாங்கான் உள்ளிட்ட பேராக் முதியோர் இல்லங்களில் விளையாட்டுக்கு ஒதுக்கும் நேரம், நாற்காலியிலிருந்து பிறர் துணையின்றி எழும் ஆற்றலைக் காக்கும் நேரமாகவும் அமைய வேண்டும். வயது ஏற ஏறத் தசையின் அளவும் வலிமையும் குறைவதைத் தசைமெலிவு என்பர். நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பது அதை விரைவுபடுத்துகிறது. ஆயினும் இழந்த வலிமையை மிக முதிர்ந்த வயதிலும் மீட்கலாம் என்பதை பாஸ்டன் நகரில் நடத்தப்பட்டு 1990இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டிய சிலர் 8 வாரம் எடைப்பயிற்சி செய்தபோது, அதை முடித்த 9 பேரின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது.

பேராக்கில் இதற்கேற்ற விளையாட்டைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்டங்களில், ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் விடியுமுன் கூடி, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து பால் வெட்டிய தலைமுறைக்குப் பல்லாங்குழி அயலானதன்று. அதன் உறவான சோங்காக்கை மலாய் முதியோரும் அறிவர் என்பதால் ஒரே பலகையைச் சுற்றிப் பலரும் கூடலாம். மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர்களுக்கெனக் குழிகளை அகலமாகவும் ஆழம் குறைவாகவும் குடைந்து, பலகையை இடுப்புயர மேசையில் வைத்து, ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது எழுந்து நின்று ஆடி, முடிந்ததும் அமரும்படி விதியைச் சற்றே மாற்றினால், கால்களுக்கு வேண்டிய பயிற்சி ஆட்டத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. நாற்காலி கைப்பிடியுள்ளதாகவும் நகராததாகவும் இருக்க வேண்டும். திடீரென எழுந்தால் சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும் என்பதால் பணியாளர் ஒருவர் அருகில் நிற்பது இன்றியமையாதது.

தோட்டத்து நினைவுக்காக ரப்பர்க் கொட்டைகளையே காய்களாக வைக்கத் தோன்றலாம். ஆனால் பச்சைக் கொட்டையில் சயனைடை வெளிவிடும் நஞ்சு இருப்பதால், எதையும் வாயிலிடக்கூடிய மறதிநோயாளர் உள்ள இடத்தில் அதைத் தவிர்த்து, விழுங்க முடியாத பெரிய மரமணிகளைப் பயன்படுத்துவதே தகும்.

கோலாட்டத்தையும் அமர்ந்தபடி ஆடலாம். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர், மறுகையிலுள்ள கோலால் எதிரிலிருப்பவரின் கோலைத் தட்டித் தாளத்தோடு இணையலாம். இவற்றைவிட எளிது என்று குழந்தைகளின் பொம்மைகளை நீட்டுவது, குடும்பங்களை உழைத்துக் காத்தவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆட விரும்பாதவரை வற்புறுத்தாமல், மணிகளை எண்ணிக் குழிகளில் நிரப்பும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கலாம். விரல்களுக்கும் கணக்குக்கும் அதிலும் வேலை இருக்கிறது.