வாடகை வீட்டில் ஒரு முயல்

காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம் அது. கணவன், மனைவி இருவருக்கும் பனியன் கம்பெனியில் வேலை. ஏழாவது படிக்கும் மகள், ஊரில் வளர்த்த வெள்ளை முயலையும் பிடிவாதமாகக் கூடவே கொண்டுவந்துவிட்டாள். குடியேறியது ஒரு லைன் வீடு. மேலே சிமென்ட் ஷீட் கூரை. ஒரே மாதத்தில் வீட்டுக்காரம்மா வாசலில் வந்து நின்றார்.

"மூக்கைப் பிடிச்சுட்டுத்தான் இந்தப் பக்கம் வர வேண்டியிருக்குதுங்க. ஒண்ணு முயலை ஊர்ல கொண்டுபோய் விடுங்க. இல்லீன்னா வேற வீடு பாத்துக்குங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால், அந்த நாற்றம் முயலுடையது அல்ல. முயல் பூனையைப் போலத் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. அதைக் குளிப்பாட்டவே கூடாது. நாறுவது, தேங்கிப்போன சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா. அது அக்கம்பக்கத்தார் மூக்கை மட்டுமல்ல, முயலின் நுரையீரலையும் கெடுக்கும்.

இதற்கு வழி முயலிடமே இருக்கிறது. பெரும்பாலும் அது ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அந்த மூலையைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு பிளாஸ்டிக் டப் வைத்தார்கள். அடியில் பழைய செய்தித்தாள், மேலே வைக்கோல். டப்பை ஒட்டியே தீவனப் புல். முயலுக்குத் தின்றுகொண்டே புழுக்கை போடுகிற பழக்கம் உண்டு என்பதால், இரண்டே வாரத்தில் டப்புக்குப் பழகிவிட்டது. தினமும் காலையில் மாற்றினால் வாடையே இல்லை. புழுக்கை வீட்டுக்காரம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகிறது. கோழி எருவைப் போல அது செடியைச் சுடாது. மட்க வைக்காமல் அப்படியே போடலாம்.

நாற்றம் போனது. ஆனால் பெரிய ஆபத்து ஏப்ரல் மாதத்தில் வந்தது. ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், முயல் மூலையில் குறுகி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். காலையில் வைத்த புல் அப்படியே கிடந்தது. டப்பில் ஒரு புழுக்கைகூட இல்லை. மாட்டுக்கு ஒருவேளை தீனி தள்ளிப்போனால் மறுநாள் பார்க்கலாம் என்று இருப்போம். முயலுக்கு அப்படி இருக்க முடியாது. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றுவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தாலே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நல்லவேளை, அப்பா மறுநாள் காலைவரை காத்திருக்கவில்லை. மருந்தும் ஊசியும் போட்டு முயல் பிழைத்தது.

காரணம் இரண்டு. முதலாவது, பிரியத்தால் கொடுத்த பிஸ்கட்டும் சோறும். முயலின் வயிற்றுக்கு வேண்டியது நார். பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால், அவை தேயவும் புல்தான் வேண்டும். இப்போது அப்பா ஊருக்குப் போய்வரும்போதெல்லாம், கொறங்காட்டில் பூக்கும் முன் அறுத்து நிழலில் காயவைத்த கொழுக்கட்டைப் புல்லை ஒரு சாக்கு நிறைய பஸ்ஸில் ஏற்றி வருகிறார். அதோடு ஒரு கைப்பிடி வேலிமசாலோ கொத்தமல்லித் தழையோ. கேரட் எப்போதாவது ஒரு துண்டு போதும்.

இரண்டாவது, வெயில். முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. காது வழியாகத்தான் உடல் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் போனாலே அதற்குத் திண்டாட்டம். பூட்டிய ஷீட் வீட்டுக்குள் மே மாதப் பகல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டு கூரைமேல் தென்னந்தடுக்கு பரப்பினார்கள். ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்குகிறது. கூண்டில் ஒரு பழைய மண் ஓடும், துணி சுற்றிய ஐஸ் தண்ணீர் பாட்டிலும் இருக்கின்றன. முயல் மூச்சிரைத்தால் காதை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் முக்கிவிடக் கூடாது.

கூண்டின் கம்பித் தரைமேல் சாக்கு விரித்தாயிற்று. இல்லாவிட்டால் பாதம் புண்ணாகும். சாயங்காலம் இரண்டு மணி நேரம் வெளியே விடுகிறார்கள். கடிக்கிற உயரத்தில் இருக்கும் கரண்ட் வயர்களை, நீளவாக்கில் கீறிய பிவிசி பைப்புக்குள் நுழைத்துவிட்டார்கள்.

மகளின் தோழி ஒருத்தி, கடலைக்காட்டில் கிடைத்த காட்டு முயல் குட்டியை வளர்க்கட்டுமா என்று கேட்டாளாம். கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தாய் பக்கத்தில்தான் எங்காவது இருக்கும். குட்டியை எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

டப் வைப்பதற்கு முன் சிமென்ட் தரையில் படிந்த வெள்ளைக் கறை மட்டும் பாக்கி இருந்தது. அது முயலின் சிறுநீரில் உள்ள சுண்ணாம்புச்சத்து. பிளீச்சிங் பவுடர் போட்டால் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுக்காற்று கிளம்பும். வினிகரை ஊற்றி, சற்று நேரம் ஊறவிட்டுத் தேய்த்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது. மீதியை, காலி செய்யும்போது பூசித் தருவதாகவோ அட்வான்ஸில் கழித்துக்கொள்வதாகவோ வீட்டுக்காரம்மாவிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள்.