அந்தரத்தில் நின்றுவிட்டால்...

2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளின் மூன்றாம் நாள், ஏப்ரல் 12ஆம் திகதி. துருக்கியின் அந்தால்யா நகரில் தூனெக்தெபே மலைக்குச் செல்லும் கேபிள் காரில் விடுமுறைக் கூட்டம். குடும்பம் குடும்பமாக மக்கள் ஏறியிருந்தார்கள். மாலையில், கம்பியைத் தாங்கி நின்ற தூண் ஒன்று முறிந்தது. வந்துகொண்டிருந்த கூண்டொன்று அதில் மோதிப் பிளந்தது. உள்ளே இருந்தவர்கள் பாறைகளின் மீது விழுந்தனர். ஒருவர் உயிரிழந்தார். பலர் காயமுற்றனர்.

கம்பி நின்றதும் ஏனைய கூண்டுகளும் அந்தரத்தில் நின்றுவிட்டன. 174 பேரை மீட்டு முடிக்க ஏறத்தாழ 23 மணித்தியாலங்கள் சென்றன. பெருநாள் உலாவுக்கு வந்த குடும்பங்கள் சில இரவு முழுவதையும் வானத்துக்கும் பூமிக்கும் இடையிலேயே கழித்தன.

இதை நான் எழுதக் காரணம் என் சாச்சியின் மகள். வெளிநாடொன்றுக்குச் சுற்றுலா போயிருந்தபோது அவள் ஏறிய கூண்டு நடுவழியில் நின்றுவிட்டதாம். பத்தே நிமிடங்கள்தான். “நானா, சின்னவன் என்ட கையைப் பிடிச்சிட்டு, ‘உம்மா, எப்ப இறங்குற?’ என்டு கேட்டுட்டே இருந்தான். எனக்குச் சொல்ல ஒன்டுமே தெரியல்ல” என்றாள். உம்ரா சென்று தாயிஃபைப் பார்க்கப் போனவர்களிலும், மலேசியாவின் லங்காவிக்குச் சென்றவர்களிலும் கேபிள் காரில் ஏறியவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியும்?

எப்படி ஓடுகிறது?

கொண்டோலா எனப்படும் வகையில் உருக்குக் கம்பிவடம் ஒன்று இரு நிலையங்களுக்கிடையே வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கூண்டுகள் அதை இறுகக் கவ்விக்கொண்டு செல்லும். வழியிலுள்ள தூண்களில் வரிசையாகக் கப்பிகள் இருக்கும். கம்பி கப்பியை விட்டு விலகினாலோ, காற்று அளவு மீறினாலோ நிறுத்திவிடுவதற்கான கருவிகளும் உண்டு.

ஆகவே, கூண்டு நின்றுவிட்டது என்பதற்காக விபத்து நடந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. பெரும்பாலும் காவல் கருவி தன் வேலையைச் செய்திருக்கும். அல்லது வயோதிபர் ஒருவர் ஏறுவதற்காக நிலையத்தில் நிறுத்தியிருப்பார்கள். மின்சாரம் போனாலும் டீசல் இயந்திரத்தால் கம்பியை மெதுவாக இழுத்து எல்லாரையும் நிலையத்தில் சேர்ப்பதே முதல் வழி. கம்பியை அசைக்கவே முடியாது என்ற நிலையில்தான் மீட்பாளர்கள் கயிற்றோடு கூண்டுக்கு வருவார்கள்.

சரியாகப் பராமரிக்கப்படும் கேபிள் கார் ஆபத்தான வாகனம் அல்ல. நாம் அன்றாடம் போய்வரும் வீதிகளே அதைவிட எத்தனையோ மடங்கு உயிர்களைக் குடிக்கின்றன. ஆனால் “சரியாகப் பராமரிக்கப்படும்” என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

கட்டிவைத்த பிரேக்

இத்தாலியின் மொத்தரோனே மலையில் 2021 மே 23ஆம் திகதி, உச்சியை நெருங்கிய கூண்டொன்றின் இழுவைக் கம்பி அறுந்தது. அப்படி அறுந்தால், தாங்கி நிற்கும் மற்றக் கம்பியை அவசர பிரேக் கவ்விப் பிடிக்க வேண்டும். அது பிடிக்கவில்லை. பழுதினால் அந்த பிரேக் அடிக்கடி தானே விழுந்து பயணத்தைத் தடுத்து வந்ததால், அது கவ்வாதபடி இரும்புக் கவை பொருத்தி வைத்திருந்தார்கள் என்பது விசாரணையில் வெளியாயிற்று. கூண்டு பின்னோக்கிப் பாய்ந்து கீழே விழுந்தது. 14 பேர் இறந்தனர். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் மட்டுமே பிழைத்தான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்ற பாடத்தை நாம் சிறுவயதிலேயே ஓதியிருக்கிறோம். இங்கே கட்டியிருந்த கயிற்றையே அவிழ்த்துவிட்டு மக்களை ஏற்றியிருக்கிறார்கள். அந்தால்யாவிலும் துருப்பிடித்த பாகங்களும் போதாத பராமரிப்புமே முதல் அறிக்கையில் சுட்டிக்காட்டப்பட்டன.

பாகிஸ்தானின் பட்டகிராம் மாவட்டத்தில் நடந்தது வேறு விதம். அங்கே மலைக் கிராமத்துப் பிள்ளைகள் பாடசாலை செல்லவே கேபிள் காரில்தான் பள்ளத்தாக்கைக் கடந்தார்கள். 2023 ஓகஸ்ட் 22ஆம் திகதி காலையில் கம்பி அறுந்து, மாணவர்கள் உட்பட 8 பேர் நிலத்திலிருந்து சுமார் 270 மீற்றர் உயரத்தில் சாய்ந்து தொங்கினார்கள். ஹெலிகொப்டர் நெருங்கியபோது அதன் விசிறிக் காற்றே கூண்டை ஆட்டியது. இருட்டியதும் ஹெலிகொப்டரால் இயலாமற் போயிற்று. எஞ்சிய கம்பியைப் பற்றிச் சென்ற கயிற்று வல்லுநர்களே மீதிப் பேரை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து சேர்த்தனர். எட்டுப் பேரும் உயிர் தப்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

ஏறுவதற்கு முன்

பலத்த காற்றோ இடிமின்னலோ இருந்தால் ஏற வேண்டாம். டிக்கட் காசு வீணாகிறதே என்று பார்க்காதீர்கள். பிள்ளைகளை மலசலகூடத்துக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். ஒரு போத்தல் தண்ணீர், சிறிது பிஸ்கட், பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டை, சீனி வருத்தம் அல்லது பிரஷர் உள்ளவர்களின் மருந்து, சார்ஜ் உள்ள போன் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். மலையில் பொழுது சாய்ந்தால் குளிர் சட்டென்று இறங்கும்.

கூண்டு நகர்ந்துகொண்டிருக்கும்போதே ஏற வேண்டியிருக்கும். சிறு பிள்ளையின் கையை விடாதீர்கள். அபாயாவின் ஓரமும் முந்தானையும் கதவில் அகப்படாமல் ஒதுக்கிக் கொள்ளுங்கள். பிள்ளை வெளியே நின்றுவிட்டால் நீங்கள் பாய்ந்து இறங்க வேண்டாம். சத்தமிட்டால் ஊழியர் நிறுத்துவார். குறிக்கப்பட்ட தொகைக்கு மேல் ஒரு குழந்தையைக்கூட ஏற்றாதீர்கள். கூண்டின் இலக்கத்தையும், தொலைபேசி இலக்கம் எழுதியிருந்தால் அதையும் ஏறியவுடன் பார்த்து வையுங்கள்.

நின்றுவிட்டால்

அமர்ந்திருங்கள். எல்லாரும் ஒரே பக்கம் சாய வேண்டாம். பிள்ளைகள் கூண்டை ஆட்டவோ கதவைத் தொடவோ இடமளிக்காதீர்கள். தானாக இறங்க முயல்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. அழைக்க முடிந்தால் கூண்டு இலக்கத்தைக் கூறி, உள்ளே எத்தனை பேர், கர்ப்பிணியோ நோயாளியோ கைக்குழந்தையோ உண்டா என்பதைச் சொல்லுங்கள். பிறகு போனை வீண் பேச்சில் தீர்த்துவிடாதீர்கள். தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடியுங்கள். ஹெலிகொப்டர் வந்தால் ஜன்னலை மூடி, பறக்கக்கூடிய துணிகளை இறுக்கிக்கொண்டு பிடித்தமருங்கள்.

மீட்பாளர் வந்தால் யார் முதலில் இறங்குவது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். பிள்ளையை முதலில் அனுப்பச் சொன்னால் தயங்காமல் அனுப்புங்கள். தாய்க்கு அது எவ்வளவு கடினம் என்பது தெரியும். ஆனால் நீங்கள் கட்டிப்பிடித்து அழுதால் பிள்ளையும் மிரண்டு, இறக்குபவரின் வேலையும் கெடும்.

சகோதரிகள் கேட்கக் கூச்சப்படும் ஒரு விடயமும் உண்டு. இறக்குவதற்கான பட்டியைக் கால்களுக்கிடையால் எடுத்து மாட்ட வேண்டியிருக்கும். மாட்டிவிடுபவர் அந்நிய ஆணாகவும் இருக்கலாம். உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் அதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. வெட்கத்தால் தாமதித்து உங்களையும் பின்னால் காத்திருப்பவர்களையும் ஆபத்தில் தள்ளாதீர்கள். இத்தகைய பயணங்களில் அபாயாவின் உள்ளே தளர்வான காற்சட்டை அணிந்து சென்றால் அந்தச் சங்கடமும் பாதியாகக் குறையும்.

இவ்வளவையும் என் சாச்சியின் மகளுக்கும் சொன்னேன். கேட்டுவிட்டு, “இனி சின்னவன் கேட்டா என்ன சொல்றது நானா?” என்றாள். “மகன், இது காவலுக்காக நிற்கிறது. இழுக்க முடிந்தால் இழுப்பார்கள், இல்லாவிட்டால் கயிற்றோடு ஆள் வருவார். அதுவரை நாம் ஆடாமல் இருப்போம், பிரயாண துஆவை இன்னொரு தடவை ஓதுவோம் என்று சொல்” என்றேன்.